சிப்பிக்கரையில் உப்பு இனித்த நாட்கள்

எங்கள் சிப்பிக்கரையில் உப்பு முதன்முதலாக இனித்தது ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமையில். அன்று நான் விடியுமுன்னே எழுந்து ஒரு கூடை சாளை மீனைக் கீறிக் கழுவி, கல்லுப்பை அள்ளி அள்ளி வைத்துத் தொட்டியில் அடுக்கி, மேலே கல்லையும் தூக்கி வைத்துவிட்டு, இனிமேல் கருவாடாவது மீனின் பாடு என்று உட்கார்ந்து, பழைய சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தால், அது பாயசமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பூரணத்தக்கா குழம்புக் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள். “ஏ வேலம்மா, உங்க வீட்லயுமா?” என்றாள். “ஆமாக்கா, எங்க வீட்லயுந்தான்,” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அவள் உள்ளே போய்க் குழம்பில் இன்னும் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றினாள். ஏன், எப்படி என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, உப்பளத்துக்குப் போகிறவர்களுக்குச் சோறு கட்ட வேண்டும்.

அந்த இனிப்புக்கு ஓர் எல்லை இருந்தது. மேற்கே ஓடைப் பாலம், கிழக்கே கடல். பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று உப்பை நக்கினால் கரித்தது, அதே உப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்து நக்கினால் இனித்தது. எங்கள் ஊர் ஆண்கள் ஒரு முழு முற்பகலை இப்படி நடந்தும் நக்கியும் கழித்துவிட்டு, ஏதோ பெரிய வேலையை முடித்த முகத்தோடு திரும்பி வந்து, “ஆமா, இனிக்கத்தான் செய்யுது” என்று எங்களுக்குச் சொன்னார்கள். கடல் மட்டும் மாறவில்லை, கடலுக்கு எங்கள் ஊர் விவகாரம் தெரியாது. பொழுது சாய்ந்ததும் எல்லாம் பழையபடி கரித்தது. நாலைந்து நாள் ஒழுங்காக இருந்தது. பிறகு ஒரு காலையில் மறுபடி இனித்தது. அப்புறம் அது வருவதும் போவதுமாக, மழை போல, கரண்டு போல, ஆகிவிட்டது.

எதற்கும் பழகிக்கொள்கிற ஊர் எங்கள் ஊர். டீக்கடை அற்புதராஜ் இனிக்கிற நாளில் சீனி டப்பாவை மூடிவிட்டு உப்பை அள்ளிப் போட்டு ஆற்றினான், அந்த டீ தொண்டைக்கு இதமாக இருப்பதாகவும் சொல்லிக்கொண்டான். சர்க்கரை வியாதிக்காரர்கள் இனிக்கிறதே என்று பயந்தார்கள், பிரஷர்காரர்கள் உப்பாயிற்றே என்று பயந்தார்கள், இரண்டும் உள்ளவர்கள் எதற்கு முதலில் பயப்படுவது என்று தெரியாமல் இரண்டு டீ குடித்தார்கள். பிள்ளைகளுக்குத் திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டால், வெல்லப்பாகு காய்ச்சுகிற வாசனை எழும்பி, தெருப்பிள்ளைகள் எல்லாம் என்ன பலகாரம் என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். பாத்தியில் வேலை செய்கிறவர்களின் வியர்வை உதட்டில் இறங்கினால் அதுவும் இனித்தது. கண்ணீரும் அப்படியே. அடிவாங்கிய பிள்ளை அழ ஆரம்பித்து, கன்னத்தில் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்து, அழுவதை நிறுத்திவிட்டுச் சப்புக்கொட்டியது. குழாயடியில் ஒருத்தி அழுது சண்டை போட்டால் அவளுக்கே நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. மேலத்தெரு குருசாமி செத்ததும் இனித்த நாளில்தான். ஊரே மாரடித்து அழுதுகொண்டிருக்க, அவர் பெண்டாட்டி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “உயிரோட இருந்தவரைக்கும் இந்த மனுசனால எனக்கு ஒரு நாளும் இனிச்சதில்ல” என்றாள். இதையெல்லாம் அதிசயமாகப் பார்த்தவை எறும்புகள் மட்டுந்தான்.

எனக்கு மட்டும் கருவாடு கருவாடாக வர வேண்டுமே என்ற கவலை. இனித்த உப்பில் ஊறிய சாளை, தேனில் போட்ட நெல்லிக்காய் மாதிரி பளபளவென்று இருந்தது, அதைச் சந்தையில் என்ன பேர் சொல்லி விற்பது?

காரணத்தை நாங்கள் தேடிப் போகவில்லை, அது எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து சாப்பிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் உப்பை யார் கையிலும் கொடுக்க மாட்டோம். கையில் கொடுத்தால் சண்டை வரும். கீழே வைப்போம், கேட்டவர் எடுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பூரணத்தக்காவுக்கும் மேட்டளத்துத் தவசிக்கனிக்கும் கல்யாணம் நடந்தபோது, கீழளத்துப் பொன்னுலிங்கந்தான் பந்தியில் உப்பு வைத்துக்கொண்டு போனார். பொன்னுலிங்கத்தின் பெண்டாட்டி ராஜபுஷ்பத்தைத் தவசிக்கனி கூடப்பிறந்த அக்காள் மாதிரி, அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குக் கடல்காற்று இலையைத் தூக்கிக்கொண்டே இருந்தது. தவசிக்கனியின் அப்பா ஒரு கையால் இலையை அமுக்கிப் பிடித்து மறு கையை நீட்ட, பொன்னுலிங்கம் ஏதோ ஞாபகத்தில் உப்பை அந்தக் கையிலேயே வைத்துவிட்டார். அந்த வருசத்து மழையில் இரண்டு உப்பளத்துக்கும் நடுவிலிருந்த வரப்பு கரைந்தது. திரும்பக் கட்டும்போது ஒரு முழம் கீழளத்துக்குப் போய்விட்டது என்று மேட்டளத்துக்காரர்களும், ஒரு முழம் மேட்டளத்துக்குப் போய்விட்டது என்று கீழளத்துக்காரர்களும் மண்வெட்டியைத் தூக்கினார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. பொன்னுலிங்கமும் செத்துப்போனார், கையை நீட்டிய பெரியவரும் போய்விட்டார், சண்டை மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. கீழளத்தை ராஜபுஷ்பம் தனியாளாக நின்று நடத்தினாள். அவள் பஸ்ஸில் வலது பக்கம் உட்கார்ந்தால் தவசிக்கனி இடது பக்கம் உட்காருவார், அன்றைக்கு வெயில் இடது பக்கம் அடித்தாலும்.

தவசிக்கனிக்கு ஒரே பெண் கனிசெல்வி. காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ராஜபுஷ்பத்துக்கு ஒரே பையன் இசக்கித்துரை. ராத்திரியில் மோட்டார் போட்டுப் பாத்திக்குத் தண்ணீர் ஏற்றுவது அவன் வேலை. ஓர் இனித்த நாளில் ஊரே மோரைத் துப்பிக்கொண்டிருக்க, கனிசெல்வி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, உப்புப் போட்ட மோரை முழுச் செம்பும் குடித்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, “நல்லாருக்கு சித்தி” என்றாள். அதே காலையில் அற்புதராஜ் கடையில் எல்லாரும் சட்னியைத் தள்ளி வைக்க, இசக்கித்துரை தட்டில் இருந்த சட்னியை விரலால் வழித்து நக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கிறான். அதை அற்புதராஜ் பெண்டாட்டி என்னிடம் சொன்னாள், இதை நான் அவளிடம் சொன்னேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குக் காலேஜ் படிப்பு வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு கவனித்தால், கனிசெல்வியின் கண் தூக்கமில்லாமல் சிவந்திருக்கிற காலையில் எல்லாம் உப்பு இனித்தது. அவள் சேலையின் கீழ்க்கரையில் வரப்புச் சேறு காய்ந்திருந்தது.

ஆண்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் பெண்கள் பேசிக்கொண்டோம். பெண்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது. பூரணத்தக்காவுக்குக்கூடத் தெரியும், தெரியாத மாதிரி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியாது, ஒருவர் தவசிக்கனி, இன்னொருத்தி ராஜபுஷ்பம்.

ஆனால் தெரிந்து என்ன செய்ய, எனக்குத் தொழில் நடக்க வேண்டுமே. ஒரு நாள் குழாயடியில் கனிசெல்வியிடம் குடத்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே, “ஏட்டி, நாளைக்கு எனக்கு நெத்திலி வருது” என்றேன்.

“அதுக்கு நான் என்ன செய்யணும் சித்தி?”

“ஒண்ணும் செய்யாண்டாம். அதத்தான் சொல்லுதேன். இன்னைக்கு ராத்திரி ஒண்ணும் செய்யாம வீட்ல கெட.”

அவள் முகம் வெந்த நண்டு மாதிரி சிவந்தது. குடத்துத் தண்ணீரில் பாதி என் மேல் கொட்டியது. ஆனால் மறுநாள் உப்பு கரித்தது, என் நெத்திலி ஒழுங்காகக் காய்ந்தது.

அதற்கப்புறம் அவளுக்குச் சங்கடந்தான். சத்துணவுக் கூடத்துச் சமையல்காரி வந்து, “புதன்கிழம முட்டை போடுற நாளு தாயி, பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போவாள். நாலாவது வீட்டுக்காரி வந்து, “நாளைக்கு எம் பேரனுக்குப் பொறந்தநாளு, வீட்ல சீனி இல்ல, ஒரு எட்டு போயிட்டு வாயேன்” என்று காதோடு கேட்பாள். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள இப்படி ஊர் முழுக்க உத்தரவு கேட்க வேண்டியிருந்தது வேறெங்கும் நடந்திருக்காது. “எங்களுக்குன்னு ஒரு நாளாவது உண்டா சித்தி?” என்று அவள் கேட்டபோது, “ஞாயித்துக்கிழம யாருக்கும் கருவாட்டு வேல இல்ல, அத வச்சுக்க” என்றேன்.

இந்த நிம்மதி எத்தனை நாளைக்கு என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டேதான் இருந்தது. எனக்குப் பயப்படாமல் இருக்கத் தெரியாது. பயந்தபடியே ஆயிற்று. உப்பு ஏற்ற வந்த லாரி தப்பான நாளில் வந்துவிட்டது. டிரைவர் மேட்டளத்துக் குவியலில் ஒரு கல்லை வாயில் போட்டான், கீழளத்துக் குவியலில் ஒரு கல்லை வாயில் போட்டான், “நான் மிட்டாய் ஏத்துற வண்டி இல்ல” என்று சொல்லிவிட்டு வெறும் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ராஜபுஷ்பம் மேட்டளத்து உப்பில் சாக்ரினைக் கலந்துவிட்டாள் என்று தவசிக்கனி சொன்னார். தவசிக்கனி கீழளத்து வாய்க்காலில் கருப்பட்டியைக் கரைத்துவிட்டார் என்று ராஜபுஷ்பம் சொன்னாள். பழைய மண்வெட்டிகள் வெளியே வந்தன.

அந்த ஆத்திரத்தோடு ஆத்திரமாகத் தவசிக்கனி அருப்புக்கோட்டையில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்தார். லாரிகள் உள்ள வீடு. வெள்ளிக்கிழமை பெண்ணுக்குப் பூ வைக்க வருவதாகச் சொல்லியும் அனுப்பிவிட்டார்கள்.

கனிசெல்வி என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு உப்பு கரித்த நாள், அழுகையும் கரிக்கத்தான் செய்தது. “வியாழக்கிழம ராத்திரி அளத்துக்குப் போறேன் சித்தி. விடிஞ்சா நாங்க ரெண்டு பேரும் இங்க இருக்க மாட்டோம்.”

“ஓடிப்போனா என்ன ஆவும்னு தெரியுமாட்டி? உங்கப்பா அவன் ஆளுகள வெட்டுவாரு, அவங்கம்மா ஆளுக உங்கப்பாவ வெட்டும்.”

“ஓடலன்னா நான் அருப்புக்கோட்டைக்குப் போணும்.”

அவளைப் போகச் சொல்லவும் முடியவில்லை, போகாதே என்று சொல்லவும் முடியவில்லை. ஒரு செம்பு மோர் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தவசிக்கனி தூக்குவாளியில் சோற்றையும் கையில் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, “இன்னைக்கு அந்தச் சாக்ரின் கள்ளியக் கையும் களவுமாப் பிடிக்காம விடப்போறதில்ல” என்று அளத்துக்குக் கிளம்பினார். அதே நேரத்தில் ராஜபுஷ்பமும் ஒரு தூக்குவாளியையும் கம்பையும் எடுத்துக்கொண்டு, “நீ இன்னைக்கு மோட்டார் போடாண்டாம், வீட்ல கெட” என்று மகனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுக் கருப்பட்டிக் கள்ளனைப் பிடிக்கக் கிளம்பினாள். பூரணத்தக்கா என்ன நினைத்தாளோ, கனிசெல்வியின் சடையைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு படுத்தாள். ஆக, பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில் கிடந்தார்கள், பெரியவர்கள் இரண்டு பேரும் வரப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கே நடந்ததை ராஜபுஷ்பம் பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பாதி ராத்திரி வரைக்கும் கள்ளனைக் காத்துக் கிடந்தார்கள். பிறகு தவசிக்கனி வாளியைத் திறந்தார். இனிக்குமோ கரிக்குமோ என்று தெரியாததால் அந்த நாட்களில் யாரும் சோற்றில் முன்கூட்டி உப்புப் போடுவதில்லை. பக்கத்தில் மலை மலையாக அவர் உப்பே குவிந்து கிடந்தது. அதில் அவள் மருந்து கலந்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு அவள் கண்ணெதிரே எப்படி எடுத்துப் போடுவது? வெறுஞ்சோற்றை விழுங்கினார், விக்கல் எடுத்தது.

ராஜபுஷ்பம் தன் கம்பைப் பார்த்துச் சொன்னாள்: “உப்பளத்து முதலாளி உப்பில்லாம திங்காரு. இந்தக் கூத்த எங்க போய்ச் சொல்ல.”

தவசிக்கனி தன் டார்ச்சைப் பார்த்துச் சொன்னார்: “சில பேரு கலந்த உப்பத் தின்னு சாவுறதுக்கு விக்கிச் சாவலாம்.”

கம்புக்கும் டார்ச்சுக்கும் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. விக்கல் நிற்கவில்லை. அவர் வயதுக்கு அந்த விக்கல் நல்லதில்லை என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. தன் குவியலிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி, முதலில் ஒரு கல்லைத் தன் வாயில் போட்டுக் கடித்துக் காட்டிவிட்டு, வரப்பின் மேல் கையை நீட்டினாள். டார்ச் பேட்டரி அதற்குள் செத்துவிட்டது. கீழே வைத்தால் இருட்டில் சேற்றில்தான் துழாவ வேண்டும்.

“கையிலயா குடுக்க?” என்றார் அவர், டார்ச்சிடம் அல்லாமல் அவளிடமே. “சண்ட வந்துரும்.”

“இனிமே புதுசா என்ன சண்ட வரப்போவுது? பிடியும்.”

அவர் கையை நீட்டி வாங்கிச் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “அத்தான் போனப்ப நான் வந்திருக்கணும்க்கா” என்றார். பொன்னுலிங்கத்தின் சாவைத்தான் சொன்னார். அக்கா என்ற வார்த்தை அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது. விடிய விடிய இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள், கள்ளன் யாரும் வரவில்லை.

விடிந்ததும் நான் உப்பை நாக்கில் வைத்தேன். இனிப்பென்றால் அப்படி ஓர் இனிப்பு, பல் கூசியது. போய்விட்டார்கள், ஓடிவிட்டார்கள் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அங்கே ஏற்கெனவே பாதி ஊர் நின்றது. கனிசெல்வி தன் வீட்டு வாசலில் அழுது வீங்கிய கண்ணோடு கோலப்பொடியை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி, நீ போவலியா?”

“எங்க சித்தி போவ? அம்மா சடைய விடல.”

அற்புதராஜ் மூச்சிரைக்க வந்தான். “இசக்கித்துரையும் வீட்லதான் கெடக்கான். பூட்டு இப்பந்தான் தொறந்தாச்சு.”

அப்படியானால் நேற்று ராத்திரி அளத்தில் சந்தித்தது யார்? எல்லாரும் கிழக்கே பார்த்தோம். தவசிக்கனி காலி வாளியை ஆட்டிக்கொண்டு, பல வருசமாக நாங்கள் பார்க்காத ஒரு தெளிவான முகத்தோடு வந்துகொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சம் பின்னால் ராஜபுஷ்பம். பூரணத்தக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்றாள்.

“உப்பு இனிக்கி” என்றாள்.

“நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், ஒருத்தரும் வரல” என்றார் அவர்.

“யாரும் சாக்ரினும் போடல, கருப்பட்டியும் கரைக்கல. ரெண்டு பேரு ராத்திரி அளத்துல பாத்துப் பேசினா மறுநாள் உப்பு இனிக்கும். பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நேத்து ராத்திரி யாரு யாரு பேசினா?”

தவசிக்கனியின் கழுத்து வரைக்கும் சிவப்பு ஏறியது. “அப்ப இதுக்கு முன்னால பேசினது யாரு?”

“அதப் பின்னால சொல்லுதேன். நேத்துப் பேசினது யாரு? இத்தன வருசம் எங்கூடப் பேசி ஒரு நாளும் உப்பு இனிக்கலியே, நேத்து மட்டும் எப்படி இனிச்சுது?”

ஆண்கள் எல்லாரும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். மேலத்தெருக்காரி ஒருத்தி, “இந்த வயசுலயா!” என்று மெதுவாகச் சொன்னாள், தெரு முழுக்கக் கேட்டது. மானத்துக்காகவே இத்தனை காலம் சண்டை போட்ட மனுசர் வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு மலங்க மலங்க நின்றார். ராஜபுஷ்பம் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். கம்பைத் தரையில் ஊன்றினாள். முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற கனிசெல்வியின் வீங்கிய கண்ணைப் பார்த்தாள், அவள் சேலைக் கரையில் காய்ந்திருந்த பழைய சேற்றைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஏதோ கணக்குத் தீர்ந்தவள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டாள்.

“சம்பந்தம் பேசினோம்” என்றாள்.

“யாருக்கு?”

“என் மவனுக்கும் என் தம்பி மவளுக்கும். தம்பி பொண்ணக் கேக்க அக்காக்காரிக்கு ராத்திரி என்ன, பகல் என்ன? உரிமையுள்ளவ கேட்டேன், அவன் சரின்னான். என்னல தம்பி, சொல்லு. வாயில கொழுக்கட்டையா?”

தவசிக்கனி அந்தச் சம்பந்தத்தைப் பற்றி அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். ஊர் அவரைப் பார்த்தது. பூரணத்தக்கா கரண்டியைத் தாழ்த்தாமல் பார்த்தாள். அக்கா என்று ராத்திரி கூப்பிட்டாகிவிட்டது, அக்கா மகன் மாப்பிள்ளை முறைதான், இல்லையென்று சொன்னால் வேறு என்ன பேசினீர்கள் என்று இந்த ஊர் கேட்கும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆமா, அதத்தான் பேசினோம்” என்றார். சொல்லி முடித்ததும் அது பொய்யில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், இன்னொரு தடவை சத்தமாக, “ஆமா” என்றார்.

அருப்புக்கோட்டைக்கு உடனே போன் போட்டு, பெண்ணுக்கு அத்தை மகன் உரிமைக்காரன் வந்து நிற்கிறான், மன்னிக்க வேண்டும் என்று சொன்னார்கள். அந்த முறைக்கு எதிராக யாராலும் ஒன்றும் பேச முடியாது.

இனி பெண்ணிடம் சொல்ல வேண்டும். தவசிக்கனி கைகாலைக் கழுவிவிட்டு உள்ளே போனார். கனிசெல்வி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், கட்டி வைத்திருந்த துணிப்பையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டாள். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றோம்.

“தாயி, மாப்பிள்ளை மாறிட்டாரு” என்றார்.

“யாருப்பா?”

“கீழளத்து இசக்கித்துரை.”

கனிசெல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “அது யாருப்பா? நான் சரியாப் பாத்ததில்லையே. ஆளு எப்படி இருப்பாரு?”

நாங்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டோம். தவசிக்கனி மட்டும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உண்மையாகவே யோசித்துப் பதில் சொன்னார். “கருப்புத்தான். ஆனா நல்ல ஒசரம். அவங்கப்பா மாதிரியே நடை, தலையக் குனிஞ்சுக்கிட்டு நடப்பான். பாத்தி மிதிக்கும்போது பாக்கணும், ஒரு எடம் மேடு பள்ளம் இருக்காது, அவன மாதிரி மிதிக்க இந்தக் கரையில ஆளு கெடையாது. மழ வந்தா தன் உப்ப மூடுறதுக்கு முன்னால தன் வேலையாளுகள ஓரமா அனுப்பிருவான். நான் தெனமும் பாக்கேம்லா.”

எங்களுக்குச் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. மகள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“மனசுக்குப் பிடிக்கலன்னா சொல்லிரு தாயி. ஊரு என்ன சொன்னாலும் சரி, இப்பவே போயி அக்காகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருதேன்” என்று வாசலை நோக்கி நடந்தார்.

“ஐயோ, உக்காருங்கப்பா!” என்று அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.